ஐந்தாம் பாகம் வராத விளையாட்டு

பிரபாவதி காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவாள். சாயங்காலம் அங்கே ஏறி இங்கே இறங்குவாள். என்ன வேலை என்று வீடு இருக்கும் சாலாமேட்டில் யாராவது கேட்டால், அவள் அம்மா பூமாலை "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். மகள் கதை எழுதிப் படம் வரைகிறாள், அந்தக் கதைக்குள் யாரோ முகம் தெரியாதவர்கள் போன் வழியாகப் புகுந்து விளையாடுகிறார்கள் என்பதை அக்கம்பக்கத்தாருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று பூமாலைக்குத் தெரியவில்லை. அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். அரிசி, பருப்பு, முட்டை என்றால் விளக்கிவிடுவாள்.

பிரபாவதி வேலை செய்த இடம் மயிலம் ரோட்டில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையின் மாடி. கடை, கல்லூரியில் அவளோடு படித்த சகாயராஜின் அண்ணனுடையது. தகரக் கூரை போட்ட அந்த அறையில் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா பேனரும் வடிவமைத்துக் கொடுத்தார்கள். மிச்ச நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விளையாட்டு செய்தார்கள். அவள் கதையும் படமும், அவன் புரோகிராம்.

அட்வென்ச்சர் கேம் என்று அதற்குப் பெயர். துப்பாக்கி கிடையாது, கார் ஓட்டம் கிடையாது. திரையில் ஒரு ஊர் இருக்கும். தொட்டால் நடக்கலாம், ஆளைத் தொட்டால் பேசலாம், கீழே கிடப்பதை எடுத்துப் பார்க்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு, பூட்டியிருக்கும் கதவைத் திறக்க வழி கண்டுபிடித்து, கதையை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். இவர்கள் செய்த விளையாட்டுக்கு 'வழித்தடம்' என்று பெயர். செல்வி என்ற பெண் காணாமல்போன தன் தம்பியைத் தேடிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவதுதான் கதை.

பிரபாவதிக்கும் ஒரு தம்பி இருந்தான். அறிவுச்செல்வன். அப்பா பெரியசாமி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கியவர். அவர் இறந்த பிறகு பையன் படிப்பை விட்டுவிட்டு விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா போடப் போனான். ஒரு நாள் பகலில் அக்காவுக்குப் போன் செய்தான். "திண்டிவனத்துல நிக்கறேன். ஒரு வேலை இருக்குன்னு கூப்புட்டாங்க. போய்ட்டு போன் பண்றேன்" என்றான். அதற்குப் பிறகு அந்த நம்பர் அணைந்தே கிடந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். கடைசி சிக்னல் திண்டிவனம்தான் என்று ஏட்டு சொன்னார். "வயசுப் பையன், கோச்சிக்கினு போயிருப்பான், தானா வருவான்" என்றும் சொன்னார். கோபித்துக்கொள்ளும்படி வீட்டில் எதுவும் நடக்கவில்லை. அதுதான் பிரபாவதியைப் போட்டு அரித்தது. ஒரு சண்டை இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம்.

தம்பியைத் தேடத்தான் திண்டிவனத்தில் வேலையைத் தேர்ந்தெடுத்ததாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தினமும் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேரே போகமாட்டாள். மேம்பாலத்துக்குக் கீழே வரைக்கும் ஒரு சுற்று நடந்து, டீக்கடையில் நிற்கிற முதுகுகளையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் மயிலம் ரோட்டுக்குத் திரும்புவாள். சகாயராஜுக்கு அது தெரியும். அவனும் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

'வழித்தடம்' ஐந்து பாகமாக வரும் என்று அறிவித்தார்கள். இரண்டே பேர் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய முடியும் என்பது சகாயராஜ் சொன்ன காரணம். பிரபாவதிக்கு இன்னொரு காரணம் இருந்தது. மொத்தமாக ஒரே தடவையில் வெளியிடுகிற விளையாட்டு என்றால் முடிவு என்ன என்று தெரிந்த பிறகுதான் உட்கார முடியும். பாகமாக வருவதென்றால் முடிவு தெரியாமலே தொடங்கிவிடலாம்.

முதல் பாகத்தை நிறையப் பேர் ஆடினார்கள். நம்ம ஊர்த் தமிழ் பேசுகிற விளையாட்டு என்று எழுதினார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. மூன்றாவதை முடித்த சந்தோஷத்தில் அவள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, லேப்டாப்பில் ஆடிக் காட்டினாள். அதில் செல்வி தன் தம்பியை நினைத்துப் பார்க்கிற இடம் ஒன்று வரும். தம்பி பேசும்போது இடது காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டே பேசுவான்.

பூமாலை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் எத்தினி பாகம் இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டும்மா."

"அஞ்சாவதுல கண்டுபுடிச்சிடுவாளா?"

பிரபாவதி மூடியைச் சாத்தினாள். "இன்னும் எழுதலம்மா" என்றாள். சொன்ன பிறகுதான், அம்மா கதையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று உறைத்தது. அன்றிலிருந்து பூமாலை அடிக்கடி கேட்க ஆரம்பித்தாள். சத்துணவுக் கூடத்திலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டே, "நாலாவது ஆச்சா?" என்பாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு யாராவது போய்வந்தால் எப்படிக் கேட்பாளோ அப்படி.

நாலாவது பாகம் ஆகவில்லை. பிரபாவதி எழுதி எழுதி அழித்தாள். செல்வியைப் புதிதாக ஒரு ஊருக்கு அனுப்புவாள், அங்கே யாரையாவது பேசவைப்பாள், அது எங்கேயும் கொண்டுபோய் விடாது. மாதங்கள் போயின. ஆடினவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தர், "ஒரு பாகம் ரெண்டு மணி நேரம் கூட இல்ல, அதுக்கு அரை வருஷம் காத்திருக்கணுமா?" என்று எழுதினார். இன்னொருத்தர், ஒரே தடவையில் வருகிற விளையாட்டுகளில் எத்தனை மணி நேரக் கதை கிடைக்கிறது தெரியுமா என்று பாடம் எடுத்திருந்தார்.

அந்தப் பேச்சு சகாயராஜைக் குத்திவிட்டது. அவன் எதையும் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்கிறவன் இல்லை. பாண்டிச்சேரியில் இருக்கிற நண்பர்களிடம் சொல்லி, பாகமாக வந்த விளையாட்டுகள் சிலவற்றையும் முழுசாக வந்தவை சிலவற்றையும் ஆடவைத்து நேரம் கேட்டான். அவனும் உட்கார்ந்து ஆடினான். வேலையெல்லாம் கிடப்பில் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பேச ஆரம்பித்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான் பிரபா. பாகமா வர்றது ஒவ்வொண்ணும் ரெண்டு மணி, ரெண்டரை மணி நேரம் ஓடுது. அஞ்சையும் கூட்டினா பத்து, பன்னெண்டு. முழுசா வர்றதும் எட்டுலேர்ந்து பன்னெண்டுக்குள்ளதான். அதுலயும் பாதி நேரம் சாவி எங்க இருக்குன்னு தெரியாம மாட்டிக்கினு நிக்கறது, போன எடத்துக்கே திரும்பத் திரும்ப நடக்கறது. பாகமா செய்யறவங்க ஆளை மாட்டவே விடறதில்ல. ஜல்தியா ஒரு முடிச்சுக்குக் கொண்டுபோய் நிறுத்திடறாங்க. கதைன்னு பார்த்தா பாகமா வர்றதுலதான் ஜாஸ்தி."

"அப்பறம் ஏன் சின்னதா இருக்குன்றாங்க?"

"ரெண்டு மணி நேரத்துல நிறுத்திட்டு வெளிய அனுப்புறோமே. அவனுக்கு அந்த ரெண்டு மணி நேரம்தான் கணக்கு. மிச்சம் எட்டு மணி நேரம் இருக்குன்னு நாம சொல்லிக்கினு இருக்கோம், அவன் கையில இல்ல. நீ ஏன் இழுக்கற? நாலு, அஞ்சு ரெண்டையும் ஒண்ணாப் போட்டு, பழசையும் சேர்த்து முழு கேமா விட்டுடலாம்."

"நடுவுல யோசிச்சிக்கினு இருக்காங்களே, அவன் எங்க போயிருப்பான்னு. அதுவும் ஆடற நேரம்தான் சகா."

"அது ஆடற நேரமில்ல. காத்துக்கினு இருக்கற நேரம்."

பிரபாவதிக்கு முகம் மாறிவிட்டது. சகாயராஜ் டிபன் பாக்ஸைத் திறந்து, மறுபடி மூடினான். "நான் உன்னைச் சொல்லல" என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். ஒரு வாரம் திண்டிவனம் பக்கமே வரவில்லை.

அந்த வாரத்தில்தான் மூன்றாவது பாகத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். "இதுல வர்ற பையன் மாதிரியே ஒருத்தன் என்னோட வேலை செஞ்சான். காதைப் புடிச்சி இழுத்துக்கினே பேசுவான்." பெயர் சின்னதுரை. பிரபாவதி அதை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நின்றபடி படித்தாள். அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டாள். பூக்கார அம்மா ஒருத்தி தண்ணீர் கொடுத்துவிட்டு, "காலையில ஒண்ணியும் சாப்புடலயா?" என்றாள்.

சின்னதுரை மயிலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். இப்போது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். அவள் பதில் எழுதி, நம்பர் வாங்கிப் பேசியபோது, விக்கிரவாண்டி ரோட்டோர ஓட்டல் ஒன்றில் வண்டியை நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். பிரபாவதி சகாயராஜையும் கூட்டிக்கொண்டு போனாள். சண்டையைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அவள் போனில் இருந்த போட்டோவைக் காட்டினாள்.

சின்னதுரை வாங்கி, வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தார். "இவன்தாங்க. அறிவு. நாங்க காதுன்னுதான் கூப்புடுவோம்."

"எங்கண்ணா பார்த்தீங்க?"

"ஓசூர்ல ஒரு குடோன். லோடு ஏத்தி இறக்கற வேலை. ஒரே ரூம்ல இருந்தோம். போன வருஷம் நான் கெளம்பி வந்துட்டேன். அவன் அங்கதான் இருந்தான்."

"நல்லா இருந்தானா?"

"நல்லாத்தான் இருந்தான். குடி கிடி ஒண்ணும் கெடையாது. அக்கா படம் வரையும்னு சொல்லுவான்." அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் தயங்கினார். "வீட்டுக்குப் போன் பண்ணலயாடான்னு ஒரு தபா கேட்டேன். இப்ப வேணாம்னான். அப்பால இன்னொரு தபாவும் கேட்டேன். அங்க போனா மறுபடியும் அதே ஆளா ஆயிடுவேன்னான். எனக்குப் புரியல, யக்கா. நான் விட்டுட்டேன்."

சகாயராஜ் குடோன் நம்பரை வாங்கி அங்கேயே போன் போட்டான். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய் நாளாகிறது, எங்கே என்று தெரியாது என்றார்கள்.

இத்தனை நாளும் அவள் பயந்ததெல்லாம் வேறு. தண்டவாளம், ஆஸ்பத்திரி, அடையாளம் தெரியாத உடம்பு என்று மனம் எங்கெங்கோ போய் வந்திருக்கிறது. அவன் உயிரோடு, ஒரு ரூமில் படுத்து எழுந்து, அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டு, வேண்டும் என்றே போன் பண்ணாமல் இருந்தான் என்பதை அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதே ஆள் என்றால் எந்த ஆள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூட்டை தூக்கியவர் பிள்ளை என்கிற ஆளா? படிப்பை விட்ட ஆளா? வீட்டில் ஒருத்தரும் அவனை அப்படிச் சொன்னதில்லை. ஊர் சொல்லியிருக்கலாம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயெடுப்பாள். பூமாலை சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்து, "நாலாவது ஆச்சா?" என்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளே போய்விடும். உன் பிள்ளை வரமுடியாமல் இல்லை, வரமாட்டேன் என்றிருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? பிரபாவதி இளைத்துப்போனாள். ராத்திரியில் தூக்கமில்லை, பகலில் வேலை ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூமாலை சட்னிக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பிரபாவதியும் எதிரே உட்கார்ந்து உரித்தாள். அம்மா எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததாலோ என்னவோ, அவள் சொல்லிவிட்டாள். சின்னதுரை, ஓசூர், குடோன், காது என்று கூப்பிட்டது, அதே ஆளா ஆயிடுவேன் என்றது வரைக்கும் எதையும் விடவில்லை.

பூமாலையின் கை நின்றது. "உசுரோட இருக்கறானா?"

"போன வருஷம் வரைக்கும் அங்க இருந்திருக்கான்மா."

பூமாலை மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா எம் பக்கத்துல உக்காந்துதான் சாப்புட்ட."

அன்றைக்கு முழுக்க பூமாலை அவளோடு பேசவில்லை. மறுநாள் காலையில் சத்துணவுக் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, "ஓசூருக்கு எந்த பஸ்ஸு?" என்றாள்.

திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் போனார்கள். குடோன் மேஸ்திரி நல்ல மனுஷன், தெரிந்ததைச் சொன்னார். சொந்த ஊர் எது என்று கேட்டால் திண்டிவனம் என்றுதான் பையன் சொல்வானாம். விழுப்புரம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ரூமையும் திறந்துகாட்டச் சொன்னார். உள்ளே இப்போது வேறு பையன்கள் இருந்தார்கள். பூமாலை வாசல்படியில் நின்று, கொடியில் காய்கிற சட்டைகளையும் சுவரோரம் சுருட்டிவைத்த பாய்களையும் பார்த்தாள். எந்த மூலையில் படுப்பான் என்று கேட்டாள். பையன்களுக்குத் தெரியவில்லை. தன் நம்பரை எல்லாரிடமும் கொடுத்தாள். வந்தால் சொல்லுங்கள் என்று கூடக் கேட்கவில்லை. "அம்மா வந்துட்டுப் போச்சின்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

திரும்பி வந்ததும் பிரபாவதி சகாயராஜிடம், "நீ சொன்னபடியே செஞ்சிடலாம். முழுசா விட்டுடலாம்" என்றாள். எழுத உட்கார்ந்தால் நிற்காமல் வந்தது. செல்வி தம்பி இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறாள். அவன் போய்விட்டிருக்கிறான். அவனாகவே போனான் என்று தெரிகிறது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் அவள் நிற்க, திரை மெதுவாக இருட்டிவிடும். பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்த சுவர்களை சகாயராஜ் எடுத்துவிட்டான். ஒவ்வொரு பாகத்தின் தலையிலும் 'இதுவரை நடந்தது' என்று சொன்ன பகுதிகளும் போயின. ஆடிப் பார்த்தால் ஒன்பது மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்தது.

வெளியிடுவதற்கு முன் அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இந்தத் தடவை மறைத்துவைக்க மனமில்லை. சாயங்காலம் சாயங்காலமாக மூன்று நான்கு நாள் ஆடிக் காட்டினாள். கடைசி இடம் வந்தது. கேட், செல்வி, இருட்டு.

பூமாலை, "அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதாம்மா. அவன் கெடைக்க மாட்டான்."

"அவன் கெடைக்கலன்றது புரியுது. இந்தப் பொண்ணு எப்படி வீட்டுக்கு வந்துச்சி?"

பிரபாவதி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியாத ஊர்ல, பொழுது சாயற நேரத்துல, ஒண்டியா நிக்க வெச்சிட்டு வெளக்க அணைச்சிட்ட. அவளுக்கு ஒரு அம்மா இருக்கறால்ல? அவன் போனது போவட்டும். இவளையாச்சும் கொண்டாந்து விடு."

பிரபாவதி அன்றைக்குத்தான் அம்மா மடியில் தலை வைத்து அழுதாள். தம்பி போனதிலிருந்து அம்மாவுக்கு எதிரில் அவள் அழுததில்லை. பூமாலை மகளின் முதுகில் கையை வைத்தபடி இருட்டான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு பகுதி சேர்த்தார்கள். செல்வி பஸ் ஏறுகிறாள். ஆடுகிறவர் செய்வதற்கு அதில் பெரிதாக எதுவும் கிடையாது. டிக்கெட் வாங்க வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் வேண்டுமானால் பேசலாம். இறங்கித் தெருவழியாக நடந்து வீட்டுக்குள் நுழைய வேண்டும். சகாயராஜ், "இது இழுவையா இருக்கு பிரபா, இதுக்குத் திட்டு விழும்" என்றான். ஆனாலும் செய்து கொடுத்தான்.

திட்டு விழத்தான் செய்தது. கதை முடிந்த பிறகு எதற்கு இத்தனை நேரம் பஸ்ஸில் உட்காரவைக்கிறார்கள் என்று கேட்டார்கள். பாகமாகவே விட்டிருக்கலாம், ஒரே மூச்சில் ஆட நீளமாக இருக்கிறது என்று எழுதியவர்களும் உண்டு. சகாயராஜ் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். செல்வி பஸ்ஸில் வரும்போது நான் என் அம்மாவுக்குப் போன் பண்ணினேன் என்று ஒரு பெண் எழுதியிருந்ததை அவன் பிரபாவதிக்குத் தனியாக எடுத்து அனுப்பினான்.

வழக்கு ஸ்டேஷனில் அப்படியேதான் இருக்கிறது. ஓசூரிலிருந்து போன் வரவில்லை. பிரபாவதி இப்போதும் திண்டிவனத்தில் இறங்குகிறாள். சில நாள் மேம்பாலம் வரைக்கும் நடக்கிறாள், சில நாள் நேரே மயிலம் ரோட்டுக்குப் போய்விடுகிறாள். நேரே போகிற நாட்களில் மனசு கனமாகத்தான் இருக்கிறது.

விளையாட்டுக்குக் கீழே யாராவது புதிதாக எழுதினால் அவளுக்கு இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு சாயங்காலம் அம்மாவிடம் அதைச் சொன்னாள். "அவன் ஆடிப் பார்த்திருப்பானாம்மா?"

பூமாலை மறுநாளைக்கு எடுத்துப் போக வேண்டிய முறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பார்த்திருந்தா கடைசி வரைக்கும், அந்தப் பொண்ணு வீட்டுக்கு வர்ற வரைக்கும் பார்த்திருக்கணும்" என்றாள். முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.